காசில் 'சீசர்' என்று இருந்தால் அது ஜூலியஸ் சீசர்தான் என்று இல்லை: ரோமானிய வெள்ளிக்காசை அடையாளம் காண்பது எப்படி?

போன வருடம் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் ரசீதோடு ஒரு டெனாரியஸ் வாங்கினேன். ரோமானியர்களின் வெள்ளிக்காசு அது. ஓரத்தில் 'சீசர்' என்ற எழுத்துகள் தெரிந்ததும் ஜூலியஸ் சீசரே கைக்கு வந்துவிட்டதாக வீடு முழுக்கக் காட்டினேன். நான்கு நாள் கழித்துத்தான் அது டைபீரியஸ் என்ற ரோமானியப் பேரரசரின் காசு என்று புரிந்தது. நீங்கள் அந்த நான்கு நாளை வீணாக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் எடை. நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். முதல் பேரரசர் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸ் காலத்துக் காசு தேய்மானம் போக 3.6 முதல் 3.9 கிராம் வரை நிற்கும். கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்துவிட்டதால், அதற்குப் பிறகு வந்தவை சுமார் 3.4 கிராம்தான். விளிம்பில் வார்ப்புக்கோடு (உருக்கி ஊற்றி வார்த்த போலியில் விழும் கோடு) ஓடினால் வாங்காதீர்கள்.

அடுத்து படம். யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப் வாங்கித் தண்டம் அழாதீர்கள், நான் அழுதேன். கறுப்புத் துணி, பக்கவாட்டில் சாய்த்து வைத்த மேசை விளக்கு, போன் கேமரா போதும். நிழல் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும்.

இப்போது நான் தடுக்கி விழுந்த இடம்: எழுத்து.

காசில் லத்தீன் எழுத்து வட்டமாக ஓடும். சொற்களுக்கு நடுவே இடைவெளியை நம்ப முடியாது. 'யு' வர வேண்டிய இடத்திலும் 'வி'தான் இருக்கும். 'அகஸ்டஸ்' (AVGVSTVS) என்பதில் மூன்று 'வி' வரும். அது தெரியாமல் அப்படியே தேடி ஒரு மணி நேரம் போனது. ஒரு தாளில் வட்டம் வரைந்து தெரிந்த எழுத்தை அதனதன் இடத்தில் எழுதுங்கள். தேய்ந்த இடத்தில் புள்ளி வையுங்கள். என் தாளில் கடைசியில் வந்தது இது: 'டி.ஐ. சீசர் திவி ஆக் எஃப் அகஸ்டஸ்'. அதாவது, தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ். சீசர், அகஸ்டஸ் இரண்டும் பேரரசர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சூடிக்கொண்ட பட்டங்களாகிவிட்டன. எனவே அவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்; இங்கே 'டி.ஐ.', அதாவது டைபீரியஸின் சுருக்கம்.

பின்பக்கம் இன்னும் சுலபம். கையில் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் டைபீரியஸ் காசாக இருக்கலாம். 'பொன்டிஃப் மாக்ஸிம்' என்றும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். தலைமைப் பூசாரி என்று பொருள். கேடயம், ஈட்டிகளோடு இரண்டு பேர் நின்றால் அகஸ்டஸ். நிற்பவர்கள் அவர் வளர்ப்பு மகன்கள் கையஸ், லூசியஸ். கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். மிளகு வாங்க வந்தவன் கொடுத்த காசில் நல்ல வெள்ளி எது என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது!

படித்ததை அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓ.சி.ஆர்.இ.' (OCRE, ரோமப் பேரரசுக் காசுகளின் பட்டியல்) தளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம். விலை போட்ட ஏலத் தளங்களை விட இதைத்தான் நம்புவேன்.

அப்புறம், தேய்க்காதீர்கள். கொலுசு தேய்க்கிற பழக்கத்தில் நானும் விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, இரண்டாயிரம் வருடத்துக் கருமை போயே போய்விட்டது.

பின்சேர்க்கை 1: "காந்தம் ஒட்டவில்லை, அப்படியென்றால் வெள்ளிதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். செம்பிலும் ஒட்டாதே! செம்புக்கு வெள்ளி முலாம் பூசிய போலிகள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன. விளிம்பில் சிவப்புத் தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: தோட்டத்தில் காசுப் பானை கிடைத்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பானை எப்போது புதைக்கப்பட்டது என்பதை அதிலுள்ள காசுகளில் கடைசியாக அடிக்கப்பட்டதுதான் சொல்லும். இருநூறு அகஸ்டஸ் காசுக்கு நடுவே ஒரே ஒரு நீரோ காசு இருந்து, அதை மட்டும் மச்சான் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டால், பானை ஐம்பது வருடம் முந்தியே புதைக்கப்பட்டதாகக் கணக்கு தப்பிவிடும். இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுங்கள். உடைந்த பானை ஓடுகளையும் சேர்த்து.