கண்ணீர்ப் பையில் நாள்பட்ட அழற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் நீர் வடியும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். மூக்கை ஒட்டிய மூலையில் பீளை சேரும். மருந்துக் கடைக்குப் போய் "கண்ணில் நீர் வருது" என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கோளாறு கண்ணில் இல்லை, கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் வழியில் இருக்கிறது.

மேல் இமை, கீழ் இமை இரண்டிலும் உள்மூலையருகே ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. அங்கிருந்து சுமார் 10 மி.மீ. நீளமுள்ள நுண்குழல் வழியாகக் கண்ணீர், மூக்கோரம் இருக்கும் கண்ணீர்ப் பைக்கு வந்து, எலும்புக்குள் ஓடும் நாளத்தில் இறங்கி மூக்கை அடைகிறது. இந்த நாளம் அடைத்தால் பையில் நீர் தேங்கி, கிருமி பெருகி, சளியாகவும் சீழாகவும் மாறும். 40 வயது தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. அவர்களுடைய எலும்புக் கால்வாய் குறுகலாக இருப்பது ஒரு காரணம்.

ஆன்டிபயாடிக் சொட்டு போட்டால் ஒரு வாரம் பீளை குறையும். அடைப்பு அப்படியே இருப்பதால் மருந்தை நிறுத்தியதும் மறுபடி வரும். கடைக்காரர் தரும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இன்னும் மோசம்: சிவப்பு மறைந்து சுகமாகத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வளரும்.

டாக்டரைப் பார்க்கப் போகும் காலையில் பையை அழுத்தி, வந்த சீழைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உள்மூலையை எலும்போடு சேர்த்து அழுத்தும்போது துளை வழியாகச் சளி எதிர்த்து வருகிறதா என்பதுதான் அவர் முதலில் பார்ப்பது. காலி செய்துவிட்டுப் போனால் அந்த அடையாளம் கிடைக்காது. பிறகு உப்புநீரை ஊசிக்குழலால் செலுத்தி டக்ட் டெஸ்ட் செய்வார்கள். நீர் தொண்டைக்கு இறங்கி உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. கீழ்த்துளையில் விட்டது மேல்துளை வழியாகச் சளியோடு திரும்பினால் அடைப்பு பெரும்பாலும் பைக்குக் கீழே. இது சோதனைதான், சிகிச்சை அல்ல. பெரியவர்களுக்கு "தண்ணி அடிச்சு அடைப்பை எடுக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் செய்துகொள்வதில் பலனில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கண்புரை அறுவைக்கு முன் இந்தத் தொல்லையைச் சொல்லாமல் இருப்பது. பையில் இருக்கும் கிருமி அறுவையின்போது கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே பறிபோகலாம். அதனால்தான் முதலில் பையைச் சரிசெய்து, சில வாரம் ஆறவிட்டுப் புரையைத் தொடுவார்கள். தேதி தள்ளிப்போகிறதே என்று மறைப்பது அந்த ஒரு கண்ணைப் பணயம் வைப்பதுதான். வயல் வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்கு: நெல் உமியோ வைக்கோலோ கீறிய சிறு காயம், சீழ் வடியும் பையுள்ள கண்ணில் கடுமையான கருவிழிப் புண்ணாகிவிடும்.

திடீரென மூலை சிவந்து, வீங்கி, தொட முடியாமல் வலித்தால் நாள்பட்ட அழற்சி கடுமையாகிவிட்டது என்று பொருள். அப்போது பிதுக்காதீர்கள், பற்றுப் போடாதீர்கள். தண்ணீர் அடித்துச் சோதிப்பதும் அந்த நேரத்தில் கூடாது. வாய்வழி ஆன்டிபயாடிக்கும் வெந்நீர் ஒத்தடமும் தேவை, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல், பார்வை மங்கல், கண்ணை அசைக்க முடியாமை சேர்ந்தால் அவசரச் சிகிச்சைக்கே போங்கள்.

கைக்குழந்தை கதை வேறு. அங்கே பெரும்பாலும் நாளத்தின் கீழ் முனையில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். தாய்ப்பாலோ எண்ணெயோ கண்ணில் விடுவதால் அடைப்பு திறக்காது, கிருமிக்குத்தான் தீனி. மசாஜ் என்று கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடவுவதும் வீண். நகம் வெட்டி, கை கழுவி, பீளையை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, விரலை உள்மூலையில் வைத்து அழுத்தி, அழுத்தம் விடாமல் மூக்கின் பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. பிறந்தவுடனே அந்த இடத்தில் நீலமான உருண்டை வீக்கம் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் இருந்தால் மூச்சே தடைபடலாம்.

பெரியவர்களுக்கு நிலையான தீர்வு டி.சி.ஆர். அறுவை: பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் சன்னல் திறந்து புது வழி அமைப்பார்கள். பையை எடுத்துவிடும் டி.சி.டி.யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் சீழ் நிற்கும், நீர் வடிவது நிற்காது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. கண்ணீரில் இரத்தம் கலந்து வந்தாலோ, உள்மூலைக்கு மேலே கெட்டியான வீக்கம் இருந்தாலோ கட்டியா என்று ஸ்கேன் பார்த்த பிறகே அறுவை.

அறுவைக்குப் பின் முதல் வாரம் மூக்கைச் சிந்தினால் இரத்தம் கொட்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சிலருக்கு உள்ளே மெல்லிய சிலிக்கோன் குழல் வைத்து, சில வாரம் கழித்து எடுப்பார்கள். அது கண் மூலையிலிருந்து வளையமாக வெளியே தொங்கினால் இழுக்கவோ வெட்டவோ வேண்டாம்; மூக்கின் பக்கமாக டேப்பால் ஒட்டி, அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள்.