மழை நாளில் தனியாக, ரயிலில் காலிக் கோட்டைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

காலி (Galle), இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள நகரம். அங்கேயுள்ள பழைய கோட்டைக்கு நல்ல வெயிலில் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் பதினொரு மணிக்கே கல் எல்லாம் கொதித்து, மதிலில் பாதிச் சுற்றுக்கூட முடிக்காமல் ஏதோ ஒரு கடையின் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்ததுதான் மிச்சம். மூன்றாவது தடவை மழையில் மாட்டிக்கொண்டேன். அந்த ஊரை ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மழை நாளாகப் பார்த்தே வெளிக்கிடுகிறேன், அதுவும் தனியாக. நாலு பேராகப் போனால் ஒருவருக்கு நனைய விருப்பமில்லை, இன்னொருவருக்குப் பசி, மூன்றாமவர் இன்னும் தேநீரை முடிக்கவில்லை. அதற்குள் மழை விட்டிருந்த பத்து நிமிடமும் போய்விடும். தனியாள் என்றால் மழை ஓய்ந்ததும் எழுந்து நடக்க வேண்டியதுதான். கொழும்பிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி, முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த மழை?

தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. கடலிலிருந்து காற்றோடு வரும், அரைமணி கொட்டும், விடும், திரும்பக் கொட்டும். நம் பயணத்துக்கு ஏற்ற மழை இதுதான். அக்டோபர், நவம்பரில் கதை வேறு. காலையில் வானம் வெளுத்துக் கிடக்கும். பின்னேரம் இடி மின்னலோடு இருட்டிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் போவதென்றால் மதில் மேல் நடப்பதை மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று பக்கமும் கடல், மேலே திறந்த புல்வெளி. இடி இடிக்கும்போது நிற்கிற இடமல்ல அது.

மழை வேறு, எச்சரிக்கை வேறு. வளிமண்டலவியல் திணைக்களம் பலத்த மழைக்கோ கடல் கொந்தளிப்புக்கோ எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ரயில் பாதை கடலை ஒட்டியே போகிறது. கோட்டை எங்கும் ஓடிவிடாது. போயா தினத்தையும் (முழுநிலா விடுமுறை) நீண்ட வார இறுதியையும் தவிர்த்து, செவ்வாய், புதன் மாதிரி ஒரு வேலை நாளைத் தெரிவு செய்யுங்கள்.

படி 2: பை

சின்ன முதுகுப்பை போதும். பைக்கு மேலே போடுகிற மழையுறையை நான் நம்புவதில்லை. முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே ஒரு பெரிய, தடித்த சொப்பிங் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிக்கொள்வதுதான் எளிது. அதற்குள் ஒரு சேட்டு, இரண்டு சோடிக் காலுறை, ஒரு மெல்லிய துவாய், பவர் பேங்க். காசைத் தனியாக இன்னொரு சின்னப் பையில் வையுங்கள், சில்லறையாக மாற்றி.

ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் அன்று முழுக்கக் காயாது, கனக்கும். பருத்தி டீசேட்டும் அப்படித்தான், நூல் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். விளையாட்டு உடுப்புக்குப் பயன்படுத்துகிற பொலியெஸ்டர் துணி சீக்கிரம் உலர்ந்துவிடும். சப்பாத்தா செருப்பா என்று கேட்டால், பின்பக்கம் வார் உள்ள, அடியில் நல்ல வெட்டுள்ள செருப்பு என்பேன். ரப்பர்ச் செருப்பு மட்டும் ஆகாது. மதிலின் பாசி பிடித்த படியில் அதோடு கால் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

குடையா மழைக்கோட்டா? இரண்டும். தெருக்களுக்குள் குடை. மதில் மேல் ஏறியதும் குடையை மடக்கிவிடுங்கள். கடற்காற்று அதை ஒரே வீச்சில் மல்லாத்திவிடும். கம்பி நிமிர்ந்த குடையோடு மீதி நாளை ஓட்டுவது கஷ்டம்.

படி 3: டிக்கெட்டும் இருக்கையும்

நேர அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலும் கேட்கலாம். கரையோரப் பாதையில் எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது. ஆகவே வெள்ளவத்தை, தெஹிவளைக்காரர்கள் அங்கேயே காத்திராமல் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்து ஏறுவது நல்லது. தெற்கே போகும் ரயில்கள் பலவும் மருதானையில்தான் புறப்படுகின்றன. ஜன்னல் இருக்கை கட்டாயம் வேண்டுமென்றால் அங்கே போய் ஏறுங்கள். காலையில் அலுவலகக் கூட்டம் கொழும்பை நோக்கி வரும். நாம் எதிர்த்திசையில் போகிறோம் என்பதால் வேலை நாளில் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்றைக்கே நிலையத்து டிக்கெட் ஜன்னலில் வாங்கலாம். வாங்கியதும் அந்தச் சின்னக் காகிதத்தைக் காசுப் பையில் போடுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். காலியில் இறங்கி வெளியே போகும்போது அதைக் கொடுக்க வேண்டும். நனைந்து கூழான டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்பது அசிங்கம்.

இனி, எந்தப் பக்கம் உட்காருவது? போகும்போது கடல் வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். வெயில் நாளில் எல்லோரும் வலப்பக்கத்துக்கு அடிபடுவார்கள். மழையில் கணக்கு மாறுகிறது. தென்மேற்குக் காற்று கடல் பக்கமிருந்துதான் அடிக்கும், சாரலும் அந்த ஜன்னலால்தான் வரும். பக்கத்திலிருப்பவர் ஷட்டரை இறக்கச் சொல்வார், நீங்களும் இறக்குவீர்கள், பிறகு இரண்டரை மணி நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். என் முறை இது: நிலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து, நம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மழை விடும்போது எதிர்ப்பக்க ஜன்னலால் கடலைப் பார்ப்பது. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை அலை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்து உடையும், எங்கிருந்தாலும் தெரியும்.

மிதிபலகையில் நின்று படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஈரத் தகரம், ஈரக் கைப்பிடி, ஓடுகிற ரயில். வேண்டாம்.

படி 4: வழியில்

பாணந்துறை, களுத்துறை, அளுத்கம, அம்பலாங்கொடை என்று நிலையங்கள் வரும். வடையோடும் கச்சானோடும் வியாபாரிகள் ஏறி இறங்குவார்கள். காகிதத்தில் சுற்றிய சூடான வடைக்கு மழை நாளில் தனி ருசி. ஒரு காலத்தில் இந்தப் பாதை களுத்துறையோடு நின்றிருந்தது. துண்டு துண்டாக நீண்டு காலியைத் தொட்டது 1894-இல்.

ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை ரயிலைப் புரட்டிப் போட்ட இடம். அந்த ஒரு ரயிலிலும் அதைச் சுற்றியும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது பெட்டியில் பேச்சு குறைவதை நான் கவனித்திருக்கிறேன். என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

காலிக்கு அப்பால் மாத்தறை போகிற ரயிலானாலும் பயமில்லை. காலி நிலையத்தில் பாதை முட்டி நிற்கும்; ரயில் வந்த வழியே பின்னோக்கித் திரும்பித்தான் மாத்தறைக்குப் போகும். அதனால் நீண்ட நேரம் நிற்கும், அவசரமில்லாமல் இறங்கலாம்.

படி 5: நிலையத்திலிருந்து கோட்டைக்கு

ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மழை கொட்டுகிறதென்றால் ஏறுங்கள், பேரம் முதலில். இல்லையென்றால் நடந்தே போகலாம், பத்துப் பதினைந்து நிமிடம்தான். பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் கடந்தால் எதிரே கருத்த மதில், அதற்கு மேல் 1883-இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம். சுனாமியில் நீங்கள் நடந்து வந்த இந்தப் பகுதி முழுக்கத் தண்ணீருக்குள் போனது. மதிலுக்கு உள்ளே பெரிய சேதமில்லை.

படி 6: உள்ளே, மழை சொல்கிறபடி

முதல்முறை போகிறவர்கள் செய்கிற தவறு, மதிலில் ஒரு முனையில் ஏறி ஒரே மூச்சில் சுற்றி வரப் பார்ப்பது. மழை நாளில் அது நடக்காது. மதிலைத் துண்டுகளாக உடைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டால் மேலே, பிடித்தால் கீழே. ஒதுங்க ஓர் இடம் எப்போதும் ஐந்து நிமிட நடையில் இருக்க வேண்டும். கோட்டைக்குள் மொத்தம் 52 ஹெக்டேயர்தான், ஆகவே இது சாத்தியம்.

புதிய வாசலால் நுழைந்தால், மழை இல்லாதபோது முதல் வேலையாகச் சூரிய, சந்திர, நட்சத்திரக் கொத்தளங்களில் ஏறுங்கள். நிலப்பக்கத்தைக் காக்கும் பெரிய மதில் இது. போர்த்துக்கேயர் 1588-இல் கட்டிய காவலை, 1640-இல் காலியைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இந்தளவுக்குப் பெருப்பித்தார்கள். கீழே மைதானம் முழுக்கத் தெரியும். ஆட்டம் நடந்துகொண்டிருந்து மழை வந்தால், ஆட்கள் உறையை இழுத்துக்கொண்டு ஓடுவதையும் பார்க்கலாம், இலவசமாக.

தூறல் தொடங்கியதும் ஒல்லாந்தர் தேவாலயத்துக்கு இறங்குங்கள். 1755-ஆம் ஆண்டுக் கட்டடம். உள்ளே தரையிலேயே கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள்; ஈரக் குடையை வாசலில் விட்டுவிட்டு, குனிந்து எழுத்துகளைப் பாருங்கள். இருபது முப்பது வயதில் இறந்தவர்களின் பெயர்கள் கண்ணில் படும். வெளியே கொட்டுகிற சத்தம், உள்ளே அந்தக் கற்கள். நான் இங்கே முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறேன், சுற்றுலாக் குழுக்கள் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும்.

பிறகு பழைய வாசல். வெளிப்பக்கத்தில் பிரித்தானிய முத்திரை; உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியைக் குறிக்கும் VOC எழுத்துகள், இரண்டு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. இந்த வாசல் வளைவே நல்ல மழைக்குடைதான். பெரிய மழையென்றால் பக்கத்திலுள்ள பழைய பண்டகசாலைக் கட்டடத்தில் கடல்சார் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. கடலடியில் கிடந்த கப்பல்களிலிருந்து எடுத்த பொருட்கள் அங்கே. திறந்திருக்கும் நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தப் பலகையும் அதைக் காட்டாது. தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். லெயின் பான் தெருவிலோ பெட்லர் தெருவிலோ ஒரு திண்ணையோரம் ஒதுங்கி நின்று கவனியுங்கள். ஓட்டிலிருந்து வழிகிறது, தெருவோரம் சேர்கிறது, சரிவைப் பிடித்துக்கொண்டு மதிலை நோக்கி ஓடுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியாளர்கள் தெருக்களுக்கு அடியில் வடிகால் அமைத்தார்கள். கடல் பெருக்கெடுக்கும்போது தண்ணீர் உள்ளே ஏறி, இறங்கும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. நகரைக் கழுவுகிற வேலையைக் கடலிடமே கொடுத்துவிட்டார்கள். வெயிலில் அதெல்லாம் வெறும் கல் மூடிகள்.

வடிகால் என்றதும் இன்னொன்று. சீனத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்த, 1409 எனத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு 1911-இல் காலி நகரில்தான் அகப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய கல். கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. காலியில் அதைத் தேடி அலையாதீர்கள், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்துக் கடைகளில் காட்சி நன்றாக இருக்கும், விலையும் அப்படியே. நான் கோட்டைக்கு வெளியே பஸ் நிலையப் பக்கம் போய்ச் சோறும் கறியும் சாப்பிட்டுவிட்டு, உள்ளே வந்து பிளேன்டீ மட்டும் குடிப்பேன்.

கடைசித் துண்டு, தெற்கு முனை. 1939-இல் கட்டிய வெள்ளை வெளிச்சவீடு, எதிரே மீரான் பள்ளிவாசல். முதலில் பார்க்கிறவர்கள் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார்கள், பிறைக்குறியைக் கண்ட பிறகுதான் சந்தேகம் தீரும். தொழுகை நேரத்தில் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம், வெள்ளி மதியம் குறிப்பாக. இங்கிருந்து கொடிப்பாறை (Flag Rock) என்ற கொத்தளம் வரை மதில் மேல் புல்தரை. சேறாக இருக்கும், விளிம்பில் கைப்பிடிச் சுவரை எதிர்பார்க்காதீர்கள். ஈர நாளில் விளிம்பிலிருந்து நாலு அடி உள்ளே நடப்பது, கீழே பாறைகளுக்கு இறங்காமல் இருப்பது, இந்த இரண்டையும் தனியாகப் போகிறவர்கள் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கினால் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

படி 7: திரும்புதல்

கடைசி ரயிலைக் குறி வைக்காதீர்கள். மேகம் மூடினால் ஐந்தரைக்கே இருட்டிவிடும், அதற்குப் பிறகு பார்க்கவும் ஒன்றுமில்லை. கடைசிக்கு முந்திய ரயிலைப் பிடிக்கிற மாதிரி நாளை முடியுங்கள். மாத்தறையிலிருந்து வருகிற ரயில் நிரம்பி வரும்; காலியிலேயே புறப்படுகிற ரயில் இருந்தால் அதுதான் உட்கார்ந்து போக வசதி.

ஒரு தடவை கொத்து ரொட்டிக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்து, என் ரயில் போகிற சத்தத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அப்படி ஆனாலும் பதற வேண்டாம். பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான். அங்கிருந்து அதிவேகப் பாதையால் கொழும்புக்குக் கிட்டவுள்ள மாகும்புர பஸ் நிலையத்துக்கு பஸ் இருக்கிறது, ரயிலைவிட வேகமாகவே வந்து சேரும். என்ன, கடல் தெரியாது.

ரயிலில் ஏறியதும் முதல் வேலை காலுறையை மாற்றுவது, அடுத்தது வீட்டுக்கு ஒரு அழைப்பு. களுத்துறைக்குப் பிறகு கட்டாயம் தூக்கம் வரும். கைபேசியில் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள், டிக்கெட் அந்தச் சின்னப் பையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.