கொடை நோட்டீஸை ஒளித்து வைக்காதீர்கள்: டிசைன் வேலை நேர்காணலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். அதற்கு முன்னால் சென்னையில் விளம்பர வேலையில் பதினோரு வருஷம் இருந்தேன். நேர்காணலில் உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்ததும் உண்டு, எதிரே உட்கார்ந்து ஆள் எடுத்ததும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று கேட்டால், திறமையில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். லேப்டாப்பைத் திறந்து வரிசையாகக் காட்டினான். உலகத்துக்கே தெரிந்த காபி கம்பெனியின் லோகோவை மாற்றி வரைந்தது ஒன்று, ஷூ விளம்பரம் ஒன்று, யூடியூப் பாடங்களில் எல்லாரும் செய்கிற அந்த சென்ட் பாட்டில் ஒன்று. எல்லாம் பளபளவென்றுதான் இருந்தன. “இந்த நீலத்தை ஏன் எடுத்தாய்?” என்று கேட்டேன். பதில் இல்லை. பாடத்தில் நீலம் இருந்தது, அவனும் நீலம் போட்டிருந்தான். அரை மணி நேரத்தில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

கிளம்பும்போது பைக்குள் சார்ஜரைத் திணித்தான். நாலாக மடித்த ஒரு நோட்டீஸ் கீழே விழுந்தது. ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அடித்த நோட்டீஸ். யார் செய்தது என்று கேட்டேன்.

“நான்தான் சார். அது சும்மா ஊருக்குப் போட்டது.”

பிரித்து மேஜையில் வைத்தோம். கொடைக்கு வரி கொடுக்கும் வரிதாரர் பெயர்கள் அறுபதுக்கு மேல். ஒருத்தர் பெயர் இன்னொருத்தர் பெயரைவிட ஒரு நூல் சின்னதாகத் தெரிந்தாலும் ஊரில் வழக்கு வந்துவிடும். அகர வரிசையில் அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுத்திருந்தான். அச்சுக் காசு மிச்சம் பிடிக்க இரண்டே வண்ணம், மஞ்சள் தாளில் சிவப்பும் கறுப்பும். வில்லிசை, கணியான் கூத்து, அன்னதானம் எல்லாம் நடுவில் ஒரு கட்டத்துக்குள். நள்ளிரவுப் பூஜையான சாமக்கொடையின் நேரம் மட்டும் கட்டத்தை விட்டு வெளியே, கண்ணை இழுக்கும் அளவில் நின்றது. ஏன் என்று கேட்டேன். “போன வருஷம் எல்லாரும் எங்கப்பாவுக்கு போன் போட்டு அதைத்தான் சார் கேட்டாங்க.”

டிசைன் என்றால் இதுதான். எத்தனை பேர் படிப்பார்கள், எவ்வளவு காசு இருக்கிறது, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று யோசித்து முடிவெடுத்திருக்கிறான். சென்ட் பாட்டிலில் அவன் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. இருபது நிமிஷம் அந்த நோட்டீஸைப் பற்றியே பேசினோம். அப்புறம் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னேன்.

அதனால், ஊர் வேலை என்று வெட்கப்பட்டு எதையும் ஒளிக்காதீர்கள். கல்யாண ஆல்பம், பூப்புனித நீராட்டு பிளெக்ஸ், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் எல்லாமே உண்மையான வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிச் செய்த வேலைகள். அழகாக இல்லாவிட்டால் திருத்தி இன்னொரு முறை செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காட்ட வேலையே இல்லையென்றால் கற்பனை கம்பெனி எதற்கு? பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள், காருகுறிச்சியில் பானை செய்கிறார்கள், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறார்கள். ஒரு நாள் பஸ் ஏறிப் போய், அவர்களில் ஒருவரிடம் கேட்டு, அவருடைய பொருளுக்கு ஒரு லேபிள் செய்து கொடுங்கள். அவர் எதை வேண்டாம் என்றார், ஏன் என்றார் என்பது உங்கள் நேர்காணலில் பத்து நிமிஷப் பேச்சு. வேலைகள் ஆறிலிருந்து எட்டு போதும். நாற்பதைக் கொண்டுவந்தால் நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாதவர் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

ஃபைல் விஷயத்தில் நானே அடி வாங்கியவன். 2006இல் என் முதல் நேர்காணலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்தே எழும்பூர் போய்ச் சேர்ந்தேன். சிடியில், கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்த ஃபைல்கள். அவர்கள் கணினியில் திறந்ததும் என் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. பாமினி வகை எழுத்துரு என் கணினியில் இருந்தது, அங்கே இல்லை. அந்த வகையில் தமிழ், ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அந்த வேலை கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது அம்மாவிடம் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். எழுத்தை கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம் ஆக்கி, பிடிஎஃப் எடுத்திருந்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. இன்று தமிழுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோட் முறை வந்துவிட்டாலும், அச்சு வேலைக்குப் பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துபவர்கள் நம் ஊரில் நிறைய. பிடிஎஃப் ஒன்று பென்டிரைவில், ஒன்று போனில், ஒன்று மெயிலில். அங்கே நெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வீடியோ எடிட்டர்களுக்கு: உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ரீல் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்து விநாடியை உங்கள் பெயர் சுழன்று சுழன்று வருவதற்குச் செலவழிக்காதீர்கள்.

இன்னொருவர் வேலையை உங்களுடையது என்று சொல்வது பெரிய தவறு. கல்யாண வீடியோவில் மூன்று கேமரா, ட்ரோன் ஒருத்தர், எடிட்டிங் ஒருத்தர் என்றுதான் இருக்கும். “நான் எடிட்டிங் மட்டும், கலர் வேறொருவர் செய்தார்” என்று சொன்னால் மதிப்பு குறையாது. “இந்த ஷாட்டுக்கு என்ன லென்ஸ்?” என்ற ஒரு கேள்வியில் பொய் வெளியே வந்துவிடும். விளம்பரத் தொழில் சின்ன உலகம், செய்தி நம்மைவிட முன்னால் போய்ச் சேரும்.

பேச்சைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பயம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு வாயடைத்துப் போகிறார்கள். நெல்லைத் தமிழில் சொன்னாலும் ஒரு முடிவை ஏன் எடுத்தேன் என்று தெளிவாகச் சொன்னால் போதும். தமிழில் விளம்பர வாசகம் எழுதும் வேலைக்கு, பேச்சுத் தமிழைக் கேட்டு வளர்ந்த அந்தக் காதுதான் முதல். ஆங்கிலம் தேவைப்படும் வேலைகள் இருக்கின்றன. அதற்கு ஒப்பிப்பது உதவாது, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசிப் பழகுங்கள்.

இப்போது டெஸ்ட் வேலை. இரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்னச் சோதனை நியாயம்தான், நானும் கொடுக்கிறேன். ஆனால் ஒரு உண்மையான கடையின் பெயரைக் கொடுத்து, பத்து போஸ்டர், லோகோ, பெயர்ப்பலகை எல்லாம் நாலு நாளில் இலவசமாகக் கேட்டால் அது சோதனை இல்லை, வேலை. எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறீர்கள், எங்காவது பயன்படுத்துவீர்களா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் சேராமல், காசும் வாங்காமல் நீங்களே வரைந்து கொடுத்ததன் உரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை உங்களுடையது. அதே சட்டத்தின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: சம்பளத்துக்கு இருந்த இடத்தில் வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சொந்தம். அதில் வெளிவராத வேலையை அடுத்த நேர்காணலில் காட்டாதீர்கள். பார்க்கிறவர், நாளைக்கு நம் வேலையையும் இவர் இப்படித்தான் காட்டுவார் என்று கணக்குப் போடுவார்.

சம்பளம் கேட்டால் “உங்க இஷ்டம் சார்” என்று சொல்லாதீர்கள். சென்னை என்றால் அறை வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவு, வீட்டுக்கு அனுப்ப வேண்டியது எல்லாவற்றையும் முந்தின நாளே தாளில் கூட்டி, ஒரு எண்ணோடு போங்கள்.

மூன்று சுற்று நன்றாகப் போய், அப்புறம் சத்தமே இல்லாமல் போவதும் இந்தத் தொழிலில் சகஜம். அவர்கள் வாடிக்கையாளர் விலகியிருக்கலாம், அவர்களுக்கு வேறு பாணி தேவைப்பட்டிருக்கலாம். ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு மெயில் போடுங்கள்: எந்த வேலை பிடித்தது, எது சரியில்லை என்று இரண்டு வரி கேட்டு. எனக்கு இப்படி எழுதியவர்கள் சொற்பம். அதில் தென்காசிப் பெண் ஒருவரின் ஓவியங்கள் அப்போது எங்களுக்குத் தோதுப்படவில்லை. எட்டு மாதம் கழித்துக் குழந்தைகள் புத்தகம் ஒன்று கைக்கு வந்தபோது, அந்த மெயிலைத் தேடி எடுத்துத்தான் அவரைக் கூப்பிட்டேன்.