40 மீட்டருக்கு ஒரு செங்குத்து ஆன்டெனா: முதலில் தரை, பிறகுதான் மேட்சிங்

டர்பனிலிருந்து சென்னை சுமார் 7,100 கி.மீ. இரவில் 40 மீட்டர் எனப்படும் 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ பட்டையில் அந்தத் தூரத்தை எட்ட வேண்டுமானால் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்ப வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த் போல வீடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் 20 மீட்டர் உயரத்தில் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் கிடைக் கம்பி ஆன்டெனா) கட்டுவது நடக்காத காரியம். 10 மீட்டர் கம்பியை நேராக நிறுத்துவது நடக்கும். பகலில் ஜோஹன்னஸ்பர்க்கோடு பேசுவதுதான் நோக்கம் என்றால் இது வேண்டாம். அந்த 500 கி.மீ.க்குத் தாழக் கட்டிய டைபோலே மேல்.

வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 100 மீட்டர் சுருள் ஒன்று போதும். நிற்கும் கம்பிக்கு 10.4 மீட்டர், அதன் அடியிலிருந்து சுற்றிலும் தரையில் விரிக்கும் கம்பிகளான ரேடியல்களுக்கு 5 மீட்டர் வீதம் 16 துண்டுகள். இதற்கே 90 மீட்டர் போய்விடும், மீதி இணைப்புகளுக்கு. கம்பைப் பொறுத்தவரை, மடக்கி நீட்டும் ஃபைபர்கிளாஸ் கம்பில் 12 மீட்டர் நீளமுள்ளதை வாங்கி நுனித் துண்டுகளைக் கழற்றிவிடுங்கள். 10 மீட்டர் கம்பின் நுனி வயரின் எடைக்கே வளையும், தென்மேற்குக் காற்று அடித்தால் ஒடியும். நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே மூன்று பக்கமும் நைலான் கயிறு கட்டுங்கள். கார்பன் ஃபைபர் தூண்டில் கம்பு கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி எதுவும் கம்பின் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்தில் இருக்க வேண்டும், சாய்ந்தாலும் தொடக்கூடாது.

ரேடியல்களில்தான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஒரு செம்புத் தண்டை மண்ணில் அடித்து, "எர்த் கொடுத்தாயிற்று" என்று விட்டுவிடுவார்கள். அது இடி மின்னலுக்கு உதவலாம், ரேடியோ அலைக்கு உதவாது. கம்பியில் ஏறும் மின்னோட்டம் தரை வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். காய்ந்த மணலில் அது வெறும் சூடாகிப்போகும். டர்பனின் பெரியா மேட்டுச் செம்மணலில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

தரையில் கிடக்கும் ரேடியலின் நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. சுவர் குறுக்கிட்டால் மடக்கி ஓரமாக ஓட்டுங்கள். 10 மீட்டரில் எட்டு போடுவதைவிட 5 மீட்டரில் பதினாறு போடுவது சின்ன முற்றத்துக்குத் தோதானது. வேலிக் கம்பியை வளைத்து ஊசி செய்து புல்லோடு அழுத்திக் குத்துங்கள். சில வாரங்களில் புல் மூடிவிடும், புல்வெட்டும் இயந்திரம் மேலே ஓடலாம்.

அளப்பதற்கு நானோ விஎன்ஏ, அதாவது ஆன்டெனாவின் மின்தடையை அலைவரிசை வாரியாகக் காட்டும் சிறு கருவி. கேபிளின் மறுமுனையில், ஆன்டெனா சேரும் இடத்தில் காலிபரேட் செய்யுங்கள். ரேடியோ அறையில் காலிபரேட் செய்து அளந்தால் கேபிளும் சேர்ந்துதான் தெரியும். கேபிள் இழப்பு எஸ்டபிள்யூஆரை (ஆன்டெனா 50 ஓம் கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) உள்ளதைவிட அழகாகவும் காட்டும்.

முதலில் 4 ரேடியல் மட்டும் போட்டு அளங்கள். எஸ்டபிள்யூஆர் 1.0 வந்தால் மகிழ வேண்டாம். நல்ல தரை மீது நிற்கும், அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பியின் மின்தடை சுமார் 36 ஓம். மீட்டர் 50 காட்டினால் மிச்சம் 14 ஓம் தரை இழப்பு: 100 வாட் அனுப்பினால் 28 வாட் மண்ணுக்கு. அலையை அனுப்பாமல் சூடாக மட்டும் மாற்றும் டம்மி லோடுக்கும் எஸ்டபிள்யூஆர் 1 தானே! எனவே ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும், அதாவது கம்பி ஒத்ததிரும் அலைவரிசையில் மின்தடை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, நான்கு நான்காக ரேடியல் சேர்த்துக்கொண்டே போங்கள். மின்தடை இறங்கும், எஸ்டபிள்யூஆர் சற்று ஏறும், ஆன்டெனா மேம்படும். கடைசி நான்கால் 1 ஓம்கூட இறங்கவில்லை என்றால் போதும்.

இப்போது நீளம். 10.4 மீட்டர் வேண்டுமென்றே அதிகம். அது 6.75 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, நமக்கு வேண்டியது 7.1 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10.4 × 6.75 ÷ 7.1 = 9.89 மீட்டர். வெட்ட வேண்டாம், நுனியை மடித்து அதே கம்பியோடு இறுக்கி முறுக்குங்கள். வயரின் பிளாஸ்டிக் உறையாலும் நீளம் சில சதவீதம் குறையும், ஆகவே புத்தகச் சூத்திரத்தை நம்பி முதலிலேயே வெட்டாதீர்கள்.

மின்தடை 40 ஓமில் நின்றால் எஸ்டபிள்யூஆர் 1.25. எந்த ரேடியோவும் இதற்கு முணுமுணுக்காது, விட்டுவிட்டாலும் குற்றமில்லை. ஆனாலும் அடியில் ஒரு சுருள் போடுவது நல்லது. கம்பியில் சேரும் நிலைமின்னை அது தரைக்கு இறக்கும், கோடை இடிமழைக் காலத்தில் அது தேவை. கணக்கு இப்படி: 50ஐ அளந்த மின்தடையால் வகுத்து, 1 கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். 40க்கு 0.5 வரும். 50 ÷ 0.5 = 100 ஓம், இது சுருளின் ரியாக்டன்ஸ்; 7.1 மெகாஹெர்ட்ஸில் 2.24 மைக்ரோஹென்றி. 40 × 0.5 = 20 ஓம், இந்த அளவுக்குக் கம்பி கெபாசிட்டிவ் ஆக (கெபாசிட்டர் போல நடக்க) வேண்டும்; அதற்கு சுமார் 23 செ.மீ. சுருக்கினால் சரி. மின்தடை 50க்கு மேல் இருந்தால் இந்தக் கணக்கு வேலை செய்யாது. அப்போது வேண்டியது இன்னும் ரேடியல்.

சுருளுக்கு 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாயில் 2.5 சதுர மி.மீ. வெறும் காப்பர் கம்பியை 8 சுற்று, 3 செ.மீ. நீளத்துக்குப் பரப்பிச் சுற்றுங்கள். ஒரு முனை நிற்கும் கம்பிக்கு, மறுமுனை ரேடியல்கள் சேரும் தகட்டுக்கு. சுற்றுகளை விலக்கினால் இண்டக்டன்ஸ் குறையும், நெருக்கினால் கூடும். சுருளையும் நுனியையும் மாற்றி மாற்றித் தொட்டால் சில நிமிடங்களில் 50 ஓம் வந்துவிடும்.

அடியிலேயே சோக்கும் வையுங்கள்: எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிள் 12 சுற்று. இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஒரு ரேடியலாகி, வீட்டு இன்வர்ட்டர்களின் இரைச்சலை உள்ளே இழுத்து வரும். மின்வேலியின் டிக் டிக் சத்தம் சோக் போட்ட பிறகும் நிற்கவில்லை என்றால், வேலியில் எங்கோ இன்சுலேட்டரில் பொறி பறக்கிறது; அங்கே தேடுங்கள்.

டர்பனின் மெரிபேங்க் போலக் கடலை ஒட்டிய இடங்களில் தகடு, போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காப்பர் நேரடியாக அலுமினியத்தைத் தொட்டால் உப்புக்காற்றில் விரைவில் அரித்துவிடும். கனெக்டரைத் தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி மூடுங்கள். சரிபார்க்கும்போது சுருளின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மின்தடையை அளங்கள். மழை பெய்த மறுநாள் ஓரிரு ஓம் மாறுவது இயல்பு. காரணமில்லாமல் 10 ஓம் ஏறியிருந்தால் தகட்டில் ஒரு போல்ட் துருப்பிடித்திருக்கும், அல்லது புல்வெட்டும் இயந்திரம் சில ரேடியல்களை அறுத்திருக்கும்.