பேருந்துச் சாலையோர மனையில் அமைதியான வீடு கட்டுவது எப்படி?

சென்னையில் பேருந்து ஓடும் சாலையை ஒட்டிய மனையில் வீடு கட்டுபவர்கள், இரைச்சலைத் தடுக்கும் பொறுப்பைக் கடைசியில் ஜன்னல் மாட்ட வருபவரிடம் விட்டுவிடாமல், வரைபடம் போடும்போதே கவனிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. ஏர் ஹாரன் அடிப்பவர் அதைப் படித்திருக்கப் போவதில்லை.

மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றைச் சாலைப் பக்கமும் படுக்கையறைகளைப் பின்பக்கமும் அமைத்தால், கூடுதல் செலவின்றியே பெரும்பகுதி இரைச்சல் அடங்கிவிடும். சாலை மேற்கில் இருந்தால், மாலை வெயிலும் படுக்கையறைக்கு வராது.

இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அச்சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு ஏறக்குறைய 20 டெசிபலோடு நின்றுவிடும். ஆகவே சாலைப் பக்கம் வென்டிலேட்டர் வைக்காமல், ஏசி குழாய்க்கான துளையையும் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளியையும் மேலோட்டமாகப் பூசி மறைக்காமல் முழு ஆழத்துக்கும் அடைக்கச் சொல்ல வேண்டும். பிரஷ் வைத்த ஸ்லைடிங் ஜன்னலைவிட, சட்டத்தின் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்கின் மீது இறுகி அமரும், கதவுபோலக் கீலில் திறக்கும் கேஸ்மென்ட் ஜன்னலே மேல். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து ஜன்னலைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை என்று பொருள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி ஹாரன் ஒலியை நன்றாகவே மட்டுப்படுத்தும். நின்றபடி உறுமும் பேருந்தின் தாழ்ந்த ஒலி அதற்கு அவ்வளவாக அடங்காது என்பதால், வசதியிருந்தால் உட்புறம் நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது ஜன்னலொன்றை மாட்டலாம்.

இவ்வளவையும் அடைத்துவிட்டு, மே மாதத்தில் காற்றுக்காக அதே ஜன்னலைத் திறந்தால் செய்ததெல்லாம் வீண். எனவே காற்று பின்புறத்திலிருந்தோ நடு முற்றத்திலிருந்தோ வரும்படி திட்டமிட வேண்டும்.

காம்பவுண்டு சுவர் வாகனங்களைக் கண்ணுக்கு மறைக்கும் உயரத்தில், கம்பி இடைவெளிகளின்றி இருந்தால் தரைத்தளத்துக்குப் பயன்படும், மாடிக்குப் பயன்படாது. செடிவரிசை சாலையை மறைக்குமே தவிர, இரைச்சலைக் குறைக்கும் என்று நம்பிப் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏசியின் வெளி யூனிட்டையும் தண்ணீர் மோட்டாரையும் பின்கட்டில் வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இரைச்சலுள்ள சாலைப் பக்கமே அவற்றுக்குப் பொருத்தமான இடம்.