தோட்டத்து ஊரில் புதிதாக வந்தவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை கங்காணி கூட்டிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, பால்மரம் சீவியே வயசானவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போனார்கள். என் பாட்டி போகவில்லை, ஆனால் கடைசிவரை கையில் இருந்தது சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. அப்படிப்பட்ட வீடுகளில் இருந்து வந்த நாமே இன்று புதிதாக வந்தவர்களிடம் நடந்துகொள்கிற விதம் எனக்கு வலிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், பெயர் கேளுங்கள். செம்பனைக் குலை வெட்டுகிற பங்களாதேஷ் பையனை "ஏய் பங்ளா" என்று கூப்பிடாதீர்கள். நம்மை யாராவது இழிவாகக் "கிளிங்" என்றால் எப்படிச் சுருக்கென்று தைக்கிறது, அவனுக்கும் அப்படித்தான் தைக்கும்.

கோயில் அன்னதானத்தில் ஒருமுறை பார்த்தேன். காவலாளி வேலை பார்க்கும் ஒரு நேப்பாளி, திருநீறு பூசிக்கொண்டு வரிசையில் நிற்கிறார், கையில் வாழையிலைத் துண்டு. பரிமாறுகிற அண்ணன் அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற நம் ஆளுக்குச் சோறு வைத்துவிட்டு, "நம்ம ஆளுங்க சாப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவர் இலையை மடித்து, ஓரமாக வைத்துவிட்டு, சாமியை இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார். முருகன் சந்நிதியில் நம்ம ஆள், அவங்க ஆள் என்று பிரிக்க யாருக்கு உரிமை?

தமிழ்நாட்டில் இருந்து முடிவெட்டவும் சாப்பாட்டுக்கடை வேலைக்கும் வருகிறவர்களை "ஊர்க்காரன்" என்று ஒரு மாதிரியாகச் சொல்வதும் இதே கதைதான்.

கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: "பத்திரமாக இருக்கட்டும்" என்று தொழிலாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் பூட்டாதீர்கள். 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி, அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வைத்திருப்பதே குற்றம். பூட்டுப்போட்ட பெட்டி ஒன்றை அவரிடமே கொடுங்கள், அது போதும்.

இப்போது சொல்லப்போவதுதான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடிய தவறு. நம் பையன் தமிழ்நாட்டுப் பெண்ணைக் கட்டுகிறான், கோயிலில் தாலி ஏறியாச்சு, ஊரே சாப்பிட்டாச்சு, பதிவை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். 1982இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தில் தாலி மட்டும் போதாது, பதிவு வேண்டும். பதிவில்லாமல் பிள்ளை பிறந்தால், குடியுரிமை விஷயத்தில் அந்தப் பிள்ளை அப்பாவை அல்ல, அம்மாவைத்தான் பின்பற்றும். அப்பா மலேசியர், பிறந்தது இங்கே, பேசுவது நம் தமிழும் மலாயும், ஆனாலும் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லை என்று விழுந்துவிடும். பிறகு போய்த் திருமணத்தைப் பதிவு செய்தால் அது தானாகச் சரியாகிவிடாது, தனியாக விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டும். பள்ளிக்கூடம் சேர்க்கும்போதே சிக்கல் ஆரம்பிக்கும். 12 வயதில் வகுப்பே மைகாட் என்கிற அடையாள அட்டை எடுக்கக் கிளம்பும்போது, அந்தப் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும்.

அப்போது அக்கம்பக்கத்தில் நாம் செய்கிற அடுத்த தவறு, "அம்மா இந்தியாக்காரி, பிள்ளைக்கு ஐசி கிடைக்கல" என்று அந்தப் பெண்ணின் மேல் பழியைப் போடுவது. பதிவு செய்யாமல் விட்டது நம் பையனும் நாமும்தானே? அவளுக்கு இந்த ஊர் ஆபீஸ் எது, ஃபாரம் எது என்று எப்படித் தெரியும்?

உங்கள் தோட்டத்து லயத்தில், தாமான் குடியிருப்பில் அப்படி ஒரு கல்யாணம் பேச்சில் இருந்தால், மண்டபம் பிடிக்கிற கையோடு பதிவுக்கும் நாள் பிடித்துவிடுங்கள். பிள்ளை ஏற்கெனவே பிறந்துவிட்டதென்றால், இருக்கிற பத்திரங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மலாய் நன்றாகப் பேசுகிற ஒருவர் அந்த அம்மாவுடன் பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.