தக்காளிச் செடியும் காலை தியானமும்: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

மாடித்தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் இருபது பை வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம், மூன்று தக்காளிச் செடி போதும். புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு "இந்த வருஷம் வேதாகமத்தை ரெண்டு தடவை முடிக்கிறேன்" என்று கிளம்பி லேவியராகமத்தில் படுத்துவிடுகிறோமே, அந்தக் கதையாகிவிடும்.

முதலில் மண். செம்மண், மக்கிய தொழுவுரம், கழுவிய தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து, தண்ணீர் தெளித்து, பத்து நாள் நிழலில் வையுங்கள். மத்தேயு 13இல் இயேசு சொன்ன உவமையில் விதைக்கிறவன் கையில் இருந்தது ஒரே மாதிரி விதைதான், விழுந்த நிலம்தான் வேறு வேறு. இந்தப் பத்து நாளில், பேசாமல் விட்டுவைத்திருக்கிற யாரிடமாவது போய்ப் பேசிவிடுங்கள். அதுவும் நிலத்தைக் கொத்துகிற வேலைதான்.

அப்புறம் விதை. கால் அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள் (நான் பார்த்தேன்). நாலைந்து இலை வந்ததும் சாயங்காலமாகப் பிடுங்கி, தண்டின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி 12 அங்குலப் பையில் நடுங்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலெல்லாம் வேர் விடும்.

தண்ணீர்தான் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். போன வருஷம் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன், செடியை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நல்ல பிரசங்கம், அழுது ஜெபித்து, பெரிய பெரிய தீர்மானம் எல்லாம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கிறது. பதறிப்போய் ஒவ்வொரு பைக்கும் ஒரு வாளி ஊற்றினேன். மறுநாள் பழுக்கத் தொடங்கிய காய்கள் காம்பைச் சுற்றி வெடித்திருந்தன, அடுத்த வாரம் பிஞ்சுகளின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆனது. பூச்சி என்று நினைத்து மருந்து தேடினேன். பூச்சியே இல்லை, காய்ந்து கிடந்துவிட்டு மொத்தமாகக் குடித்ததால் வந்த வினை. தண்ணீர் சீராக இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. வாரம் முழுக்க வேதத்தைத் தொடாமல் ஞாயிறு ராத்திரி பத்து அதிகாரம் ஓட்டுகிற பழக்கம் எனக்கும் உண்டு, அதனால் அந்தக் கறுத்த காயைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுகிறேன். அப்படியே மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சங்கீதம். எல்லாம் சேர்த்து பதினைந்து நிமிஷம்கூட ஆகாது.

கொடி மாதிரி உயரமாகப் போகிற ரகம் என்றால் இலைக்கும் தண்டுக்கும் நடுவே வருகிற பக்கத் துளிரைச் சுண்டுவிரல் நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள், விட்டுவைத்தால் கத்தரி எடுக்க வேண்டிவரும், செடிக்கும் காயம். கோபம், புறணி எல்லாவற்றுக்கும் இதே அளவுதான். இலையின் அடிப்பக்கம் வெள்ளை ஈ இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழத் தெளியுங்கள்.

நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம். என் முதல் அரைக் கிலோவைச் சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொண்டுபோனேன், வெடிப்புத் தழும்போடு இருந்த ஒன்றையும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டு அக்கா 150 ரூபாய்க்கு எடுத்துவிட்டு, "ரசத்துக்கு ஆகும்லா?" என்று கேட்டார்.